வெள்ளணுக்கள் சொல்லும் வரலாறு

புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் செல்லும் சாலையில், ரெட்டியார்பாளையத்தை அடுத்து மூலக்குளம் வருகிறது. அங்கே ஒரு தெருவில் நூறு பேர் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களுள் ஒருவர் விபத்தில் அடிபட்டு, அவருக்கு இரத்தம் தேவைப்படுகிறது. அவருடையது 'ஓ' வகை இரத்தம். தெருவில் விசாரித்தால் அதே வகையுடையவர் முப்பது பேராவது இருப்பார்கள். அரை மணி நேரத்தில் இரத்தம் கொடுக்க ஆள் சேர்ந்துவிடும்.

அதே தெருவில் இன்னொரு வீட்டில் ஒரு சிறுவனுக்கு இரத்தப் புற்றுநோய். மருந்துகளால் நோய் முழுவதும் நீங்கவில்லை. வேறொருவருடைய எலும்பு மஜ்ஜையைச் செலுத்த வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இப்போது அந்த நூறு பேரையும் சோதித்தால் பொருந்துபவர் ஒருவர்கூட இல்லாமல் போகலாம். ஊர் முழுவதும் தேடினாலும் கிடைக்காமல் போகலாம். ஆனால் அவனுடன் பிறந்த அக்காளுக்கு மட்டும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

இரத்தம் கொடுக்க முன்வந்த அத்தனை பேரும் மஜ்ஜைக்கு ஏன் உதவவில்லை? சிவப்பணுக்களின் மேலுள்ள அடையாளங்களைப் பார்த்தே நாம் ஏ, பி, ஏபி, ஓ என்று பிரிக்கிறோம். வெள்ளணுக்களின் மேலுள்ள அடையாளங்களோ ஆயிரக்கணக்கானவை. அவற்றை மனிதன் கண்டறிந்த கதை ஏறத்தாழ நூறாண்டுக் கதை. அதில் போர்முனையும் உண்டு, எலிகளும் உண்டு, பிள்ளை பெற்ற தாய்மார்களும் உண்டு. மதுரைக்கும் புதுச்சேரிக்கும் அதில் இடம் உண்டு.

போர்முனையில் ஒரு கணக்கெடுப்பு

ஒருவர் இரத்தம் மற்றொருவர் இரத்தத்துடன் கலக்கும்போது சில சமயம் திரிந்து கட்டி கட்டியாவதை வியன்னா நகரத்து அறிஞர் கார்ல் லாண்ட்ஸ்டைனர் ஆராய்ந்து, 1901-ல் இரத்த வகைகளை வெளியிட்டார். மனிதரை இப்படிப் பிரிக்க முடியுமானால், நாட்டுக்கு நாடு இந்த வகைகளின் விகிதம் வேறுபடுமா என்ற கேள்வி அடுத்து எழுந்தது.

அதற்கு விடை காணும் வாய்ப்பை முதல் உலகப் போர் தந்தது. கிரேக்க நாட்டின் சலோனிக்காத் துறைமுகத்தில் நேச நாட்டுப் படைகள் குவிந்திருந்தன. பிரிட்டிஷார், பிரெஞ்சுக்காரர், செர்பியர், செனகல் நாட்டவர், இந்தியச் சிப்பாய்கள் எனப் பல நாட்டினரும் ஒரே இடத்தில் இருந்தனர். அங்கே மருத்துவர்களாகப் பணியாற்றிய லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்ட், அவர் மனைவி ஹன்னா ஆகிய இருவரும் ஏறத்தாழ 8,000 பேரின் இரத்தத்தைச் சோதித்தனர். மேற்கு ஐரோப்பியரிடம் 'ஏ' வகை மிகுதி. இந்தியரிடம் 'பி' வகை மிகுதி. இந்த முடிவு 1919-ல் வெளியாயிற்று. ஒரு மக்கட் கூட்டத்தின் உயிரியல் வரலாற்றை இரத்தத்தைக் கொண்டு ஆராயும் கலை இங்கே தொடங்கியது எனலாம்.

இதனோடு ஒரு கசப்பான பாடமும் உண்டு. இந்த விகிதங்களை வைத்துக்கொண்டு, உயர்ந்த இனம் இது, தாழ்ந்த இனம் இது என்று நிறுவ ஜெர்மனியில் சிலர் முயன்றனர். அதே இனவெறி ஆட்சியில், யூதக் குடும்பத்தில் பிறந்த ஹிர்ஷ்ஃபெல்ட் 1941-ல் வார்சா நகரின் யூதர் சேரியில் அடைக்கப்பட்டார். அங்கிருந்து தப்பிப் பிழைத்து, போருக்குப் பின் மீண்டும் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். மக்களிடையே உள்ள வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பது வேறு. அதற்கு ஏற்றத்தாழ்வு கற்பிப்பது வேறு. இதை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

தோலும் எலியும்

இரண்டாம் உலகப் போரில் தீக்காயம் பட்டவர்களுக்குப் பிறருடைய தோலை ஒட்டிப் பார்த்தார்கள். ஒட்டிய தோல் சில நாட்களில் கருகி உதிர்ந்தது. அதே நபரின் தோலை இரண்டாம் முறை ஒட்டியபோது அது முன்னைவிட விரைவாக உதிர்ந்தது. 1943-ல் இதைக் கவனித்த பீட்டர் மெடவார், உடல் முதல் முறை கண்டதை நினைவில் வைத்துக்கொண்டு இரண்டாம் முறை தாக்குகிறது என்று உணர்ந்தார். அம்மை வந்தவருக்கு மறுமுறை அம்மை வராதிருப்பதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. அதாவது, நோயை எதிர்க்கும் ஆற்றலே அயலார் தோலையும் எதிர்க்கிறது.

உடல் எதைப் பார்த்து 'இது அயல்' என்று அறிகிறது? லண்டனில் பீட்டர் கோரர் 1936-ல் எலிகளிடம் ஓர் அடையாளப் பொருளைக் கண்டிருந்தார். அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்நெல், எலிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கலந்து வளர்த்து, அந்த அடையாளங்களைத் தரும் ஜீன்கள் ஒரே குரோமோசோமில் கூட்டமாக அமைந்துள்ளன என்று காட்டினார்.

எலியில் இருப்பது மனிதனிலும் இருக்க வேண்டுமல்லவா? 1954 டிசம்பரில் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரே ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தினார். அது வெற்றி பெற்றது. காரணம், அவ்விருவரும் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர். இரட்டையர் அல்லாதவருக்கு என்ன செய்வது என்பது அப்போது ஒருவருக்கும் தெரியவில்லை.

தாய்மார்கள் தந்த தடயம்

இனி பாரிஸுக்குச் செல்வோம். ஜான் தொசே என்ற பிரெஞ்சு மருத்துவர் போர்க்காலத்தில் வட ஆப்பிரிக்காவில் காயம்பட்டவர்களுக்கு இரத்தம் ஏற்றியவர். பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட சிலரின் சீரத்தில், பிறருடைய வெள்ளணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் எதிர்ப்பொருள் இருப்பதை அவர் கண்டார். ஆனால் அது எல்லோருடைய வெள்ளணுக்களையும் ஒட்டவைக்கவில்லை. சிலருடையதை மட்டுமே ஒட்டவைத்தது. ஆகவே வெள்ளணுக்களிலும் வகைகள் உண்டு! 1958-ல் முதல் வகையை அறிவித்து, சோதனைக்கு உதவிய மூவரின் பெயர் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு 'மேக்' என்று பெயரிட்டார். அதுவே பின்னர் 'ஏ-2' எனப்பட்டது. இந்த ஏ-2 என்ற பெயரை நினைவில் வைத்திருங்கள். கதையின் பிற்பகுதியில் தில்லியில் மறுபடியும் சந்திப்போம்.

அதே 1958-ல் ஹாலந்தில் யோன் வான் ரூட்டும், அமெரிக்காவில் ரோஸ் பெய்னும் வேறொரு வழியில் இதே இடத்தை அடைந்தனர். கருவிலுள்ள குழந்தையின் உடலில் பாதி தந்தையின் அடையாளம் இருக்கிறது. அது தாயின் உடலுக்கு அயல். எனவே பல குழந்தைகளைப் பெற்ற தாயின் இரத்தத்தில் வெள்ளணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் உண்டாகியிருக்கும். தாய்க்கும் சேய்க்கும் கெடுதல் செய்யாத இந்தச் சீரமே ஆராய்ச்சியாளருக்கு அளவுகோலாயிற்று. 1964-ல் பால் டெராசாகி, ஒரு துளியிலும் சிறு பங்கு சீரத்தைக் கொண்டே சோதிக்கும் முறையை உருவாக்கினார். அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களில் பல பிள்ளைகள் பெற்ற தாய்மார்களின் சீரமே வெள்ளணு வகைகளைப் பிரித்துக் காட்டிற்று.

இந்த அடையாளங்களுக்கு 'எச்.எல்.ஏ.' என்று பெயர் சூட்டப்பட்டது. மனித வெள்ளணு அடையாளப் பொருள்கள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் இது. இவற்றைத் தரும் ஜீன்கள் ஆறாவது குரோமோசோமில் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. ஆகவே பெரும்பாலும் ஒரு கொத்தாகவே பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வந்து சேர்கின்றன. தந்தையிடம் இரண்டு கொத்து, தாயிடம் இரண்டு கொத்து. ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று பிள்ளைக்கு. எனவே பிறக்கக்கூடிய சேர்க்கைகள் நான்கு. உடன்பிறந்தவர் முழுவதும் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்றது இதனால்தான்.

தொசே, ஸ்நெல் ஆகியோருக்கு, இத்துறையில் ஆராய்ந்த பெனசெராஃபுடன் சேர்த்து 1980-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கோரர் 1961-லேயே மறைந்துவிட்டார்.

ஏன் இத்தனை வகைகள்?

மனிதன் மனிதனுக்குச் சிறுநீரகம் கொடுப்பதைத் தடுப்பதற்காக இயற்கை இந்த ஜீன்களைப் படைத்திருக்க முடியாது. உறுப்பு மாற்று நேற்று வந்தது. ஜீன்களோ கோடிக்கணக்கான ஆண்டுகள் பழையவை. அப்படியானால் இவற்றின் உண்மையான வேலை என்ன?

1974-ல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் விடை கிடைத்தது. கால்நடை மருத்துவரான பீட்டர் டோஹர்ட்டியும் ஸ்விட்சர்லாந்து மருத்துவரான ரோல்ஃப் சிங்கர்நாகலும் எலிகளுக்கு ஒரு வைரஸைச் செலுத்தி ஆராய்ந்தனர். வைரஸ் புகுந்த செல்லை வெள்ளணு கொல்ல வேண்டுமானால், அது வைரஸை மட்டும் கண்டால் போதாது. அதனுடன் தன் உடலுக்குரிய அடையாளப் பொருளையும் சேர்த்துக் காண வேண்டும். 1987-ல் ஹார்வர்டில் இந்த அடையாளப் புரதங்களுள் ஒன்றைப் படிகமாக்கி எக்ஸ் கதிர் படம் எடுத்தபோது செய்தி தெளிவாயிற்று. புரதத்தின் மேற்புறத்தில் ஒரு நீண்ட பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஒரு புரதத் துணுக்கு. படம் எடுக்கப்பட்ட அந்தப் புரதமும் தொசே கண்ட ஏ-2 தான்.

இதை இப்படி எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வொரு செல்லும் தன் உள்ளே இருப்பவற்றிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்து, ஒரு தட்டில் வைத்து வாசலில் காட்டுகிறது. ரோந்து வரும் வெள்ளணு அதைப் பார்க்கிறது. வழக்கமான துணுக்கு என்றால் போய்விடும். வைரஸின் துணுக்கு என்றால் அந்தச் செல்லை அழித்துவிடும். தட்டின் பள்ளம் எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவுக்கேற்ற துணுக்குகளையே அதில் வைக்க முடியும். எல்லோரிடமும் ஒரே வடிவத் தட்டு இருந்தால், அதில் ஒட்டாத கிருமி ஒன்று வந்தால் ஊரே படுத்துவிடும். தட்டுகள் பலவிதமாக இருந்தால் சிலர் படுத்தாலும் பலர் எழுந்து நிற்பார்கள்.

சிறுத்தைப் புலி இதற்குச் சான்று. இந்தியாவில் 1952-ல் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டு, 2022-ல் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்துக்குக் கொண்டுவரப்பட்ட அதே விலங்குதான். முன்னொரு காலத்தில் இதன் எண்ணிக்கை மிகவும் சுருங்கிப்போய், எஞ்சியவை தமக்குள்ளேயே இனம் பெருக்கின. ஆகவே உறவில்லாத ஒன்றின் தோலை மற்றொன்றுக்கு ஒட்டினாலும் விரைவில் உதிர்வதில்லை என்று 1985-ல் கண்டனர். சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க விலங்குப் பூங்கா ஒன்றில் ஒரு வைரஸ் நோய் புகுந்தபோது அங்கிருந்த சிறுத்தைகளில் பாதிக்கு மேல் மாண்டன. அங்கிருந்த சிங்கங்களுக்கு அதனால் ஒன்றும் நேரவில்லை.

மனிதரிலும் இதைக் காணலாம். ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் கடுமையான மலேரியாவிலிருந்து குழந்தைகளைக் காப்பதில் பி-53 என்ற வகைக்குப் பங்குண்டு என்று 1991-ல் தெரியவந்தது. பி-57 வகை உடையவர்களிடம் எச்.ஐ.வி. கிருமி மெதுவாகவே முன்னேறுகிறது. ஆனால் அதே பி-57 குடும்பத்தில் ஒரு வகையினருக்கு எச்.ஐ.வி. மருந்தாகிய அபகவிர் ஆபத்தான ஒவ்வாமையை உண்டாக்குகிறது. ஒரு பக்கம் கவசம், மறுபக்கம் காயம். நல்ல வகை, கெட்ட வகை என்று பிரிக்க இயலாது. பலவகையாக இருப்பதுதான் பலம்.

மதுரையில் ஒரு கணக்கெடுப்பு

1972-ல் பிரான்சின் எவியான் நகரில் கூடிய அறிஞர்கள் உலகின் பல மக்கட் கூட்டங்களின் வெள்ளணு வகைகளைத் தொகுத்தனர். சலோனிக்காவில் சிவப்பணுக்களைக் கொண்டு தொடங்கிய வேலை இப்போது வெள்ளணுக்களைக் கொண்டு தொடர்ந்தது. சலோனிக்காவுக்கு அருகிலுள்ள சிறு நாடான அல்பேனியாகூடப் பிற்காலத்தில் தன் மக்களின் வகைகளை எண்ணிப் பதிந்து, அவை அண்டை பால்கன் நாட்டவருடையவற்றை ஒத்திருப்பதைக் கண்டது.

தமிழகத்தில் இந்தப் பணியை மேற்கொண்டது மதுரை காமராசர் பல்கலைக்கழகம். வி.ஆர். முத்துக்கருப்பன், ஆர்.எம். பிச்சப்பன் ஆகியோரும் அவர்களுடைய மாணவர்களும் தமிழ்நாட்டின் முக்கிய மக்கட் பிரிவுகளின் எச்.எல்.ஏ. வகைகளை ஆராய்ந்து 1984-ல் வெளியிட்டனர். தொடர்ந்து பல சமூகத்தாரிடமும் சோதனை நடந்தது. ஒரே மாவட்டத்தில், ஒரே தண்ணீரைக் குடித்து, ஒரே மொழியைப் பேசி வாழும் கூட்டங்களுக்கிடையே சில வகைகளின் விகிதம் வேறுபட்டிருந்தது. பல தலைமுறைகளாகத் தத்தம் கூட்டத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்ததன் விளைவு இது.

இதை வைத்து எவரும் பெருமையோ சிறுமையோ பேச இடமில்லை. வேறுபடுவது விகிதம் மட்டுமே. ஒரு கூட்டத்தில் காணும் வகைகளில் பெரும்பாலானவை அடுத்த கூட்டத்திலும் உண்டு. மனிதரிடையே காணும் மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு எந்த ஒரு மக்கட் கூட்டத்துக்குள்ளும் அடங்கிவிடுகிறது என்று ரிச்சர்ட் லெவோன்டின் 1972-லேயே கணக்கிட்டுக் காட்டினார்.

மதுரைக் குழுவினர் காசநோயையும் ஆராய்ந்தனர். காசக் கிருமி உடலில் புகுந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் நோயின்றி இருந்துவிடுகிறார்கள். அப்படியானால் சிலருக்கு மட்டும் ஏன்? நுரையீரல் காசநோயாளிகளிடம் டி.ஆர்-2 என்ற வகை சற்று மிகுதியாக இருப்பதை 1991-ல் வெளியிட்டனர். வடஇந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் இதையொத்த முடிவுகள் கிடைத்திருந்தன. ஆனால் டி.ஆர்-2 உடையவருக்கு நோய் வந்தே தீரும் என்று இதற்குப் பொருளில்லை. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்குச் சத்துணவு வழங்கிப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளியாயிற்று. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாக நோய் காண்பது ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. ஜீனை மாற்ற முடியாது; சோற்றுத் தட்டை மாற்ற முடியும்.

பெயர் ஒன்று, எழுத்து வேறு

இப்போது ஏ-2வுக்குத் திரும்புவோம். தாய்மார்களின் சீரத்தைக் கொண்டு சோதித்த காலத்தில் பாரிஸ்காரரின் ஏ-2வும் இந்தியரின் ஏ-2வும் ஒன்றாகவே தெரிந்தன. பிறகு ஜீனின் எழுத்துகளையே படிக்கும் முறை வந்தது. தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் நரேந்திர மெஹ்ராவும் அவர் குழுவினரும் அந்த முறையில் சோதித்து 2001-ல் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். ஐரோப்பியரிடம் பெருவாரியாக உள்ளது 0201 என்ற எண்ணுடைய ஏ-2. இந்தியரிடம் மிகுந்திருந்ததோ 0211 என்ற எண்ணுடைய ஏ-2. இரண்டுக்கும் வேற்றுமை ஓரிரு அமினோ அமிலங்களே. ஆனால் அந்த வேற்றுமை, துணுக்கைத் தாங்கும் பள்ளத்தை ஒட்டி அமைந்திருக்கிறது. ஆகவே தட்டில் வைக்கப்படும் துணுக்கும் வேறாகலாம்.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். புற்றுநோய்க்கும் வைரஸ் நோய்களுக்கும் புதிய தடுப்பூசிகளை வகுப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வகையாகிய 0201-ஐ முன்வைத்தே துணுக்குகளைத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார்கள். அந்தப் பள்ளத்துக்குப் பொருந்துவது நம்மவர் பள்ளத்துக்கும் பொருந்தும் என்று சோதிக்காமல் நம்ப முடியாது.

மருந்துகளிலும் இதே நிலைதான். வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமாசெபின் மருந்து, மிகச் சிலருக்குத் தோல் முழுவதும் வெந்தது போல் உரியும் கொடிய ஒவ்வாமையை உண்டாக்கும். இதற்கும் பி-1502 என்ற வகைக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதை 2004-ல் தைவானில் கண்டனர். ஐரோப்பியரிடம் அவ்வகை அரிது. ஆகவே அங்கே இது எளிதில் புலப்படவில்லை. இந்தியரிடம் நடந்து 2009-ல் வெளியான ஒரு சிறு ஆய்விலும் அத்தொடர்பு தென்பட்டது. இதனால் யாரும் தாமாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்துவது அதைவிட ஆபத்து. மருத்துவரிடம் கேட்டறிவதே முறை.

மீண்டும் மூலக்குளத்துக்கு

உலகில் இதுவரை பதிவாகியுள்ள எச்.எல்.ஏ. வகைகள் 35,000-க்கும் மேல். அந்தச் சிறுவனுக்கு மஜ்ஜை கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது இப்போது புரியும்.

நம் பாட்டி காலத்தில் ஒருவருக்கு ஆறு உடன்பிறப்புகள் இருப்பது சாதாரணம். ஆறு பேரில் ஒருவராவது பொருந்த நூற்றுக்கு 82 வாய்ப்பு. இன்று வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள். ஒரே ஓர் உடன்பிறப்பு. வாய்ப்பு நூற்றுக்கு 25. சிறு குடும்பம் நல்லதுதான். ஆனால் குடும்பத்துக்குள் கிடைத்த உதவியை இனி ஊரிலிருந்து பெற வேண்டியிருக்கிறது. மாமன் மகள், அத்தை மகன் என்று உறவில் மணம் செய்த குடும்பங்களில் ஒன்றுவிட்ட உறவினரிடம் பொருத்தம் தேடுவதிலும் பயன் உண்டு.

இந்தியாவில் சிறுநீரக மாற்று முதன்முதலில் வெற்றி பெற்றது 1971-ல், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில். 1986-ல் அங்கே எலும்பு மஜ்ஜை மாற்றும் தொடங்கியது. உறவல்லாத கொடையாளரைத் தேடித் தருவதற்காகச் சென்னையில் 'தாத்ரி' என்ற பதிவகம் 2009-ல் ஏற்பட்டது. பதிவுக்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துக் கொடுத்தால் போதும். பொருத்தம் கிடைத்து அழைப்பு வந்தால், பெரும்பாலும் கையிலிருந்தே இரத்தம் போல அணுக்களைப் பிரித்தெடுப்பார்கள். எட்டுக் கோடிக்கு மேல் மக்களுள்ள ஜெர்மனியில் ஒரு கோடிக்கு நெருங்கிய பேர் இவ்வாறு பதிந்திருக்கிறார்கள். நூற்று நாற்பது கோடி மக்களுள்ள நம் நாட்டிலோ சில லட்சம் பேரே. தமிழ்ச் சிறுவன் ஒருவனுக்குப் பொருத்தமானவர் ஜெர்மானியரிடையே கிடைப்பதைவிடத் தமிழரிடையே கிடைக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அவர் பெயர் ஏட்டில் இருந்தாலல்லவா கிடைப்பார்!

மூலக்குளத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. 1823-ல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழி வந்த நிலையம் அது. அங்குள்ள நோயெதிர்ப்பியல் துறையினர் தென்னிந்தியத் தமிழரிடையே முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய்களுக்கும் நோயெதிர்ப்பு ஜீன்களுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சியில் அவர்களுடன் சேர்ந்து உழைத்தது பாரிஸ் செயின்ட் லூயி மருத்துவமனையிலுள்ள ஆய்வுக்கூடம். அதற்கு ஜான் தொசேயின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது.

1958-ல் தொசேயின் சோதனைக்கு உதவியவர்கள் சாதாரண மனிதர்கள். சலோனிக்காவில் கை நீட்டி இரத்தம் கொடுத்த இந்தியச் சிப்பாய்களும் அப்படியே. மதுரை வட்டாரத்துக் கிராமங்களில் சோதனைக்கு இரத்தம் தந்தவர்களும் அப்படியே. அவர்கள் பெயர் எந்த நூலிலும் இல்லை. ஆனால் அவர்கள் தந்த துளிகளிலிருந்துதான் இத்தனையும் தெரிந்தது. அடுத்த துளியைத் தர வேண்டியவர்கள் பதினெட்டு வயது நிரம்பிய நம் கல்லூரி மாணவர்கள். தெருவில் ஒருவருக்கு இரத்தம் வேண்டுமென்றால் ஓடி வருகிற அதே மனம் இதற்கும் போதும்.